சம்பந்திக்கு ஒரு சொல் வேண்டும்

பேரன்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அம்பாங்கானிலிருந்து முகுந்தன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்துப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். வாசகர்கள் கேட்கும் சொல்லுக்கெல்லாம் தங்கள் இதழில் நல்ல தமிழ்ச்சொல் தருகிறீர்கள். எனக்கும் அவசரமாக ஒரு சொல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் என் ஒரே மகள் புனிதாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா வரமாட்டார்.

மாப்பிள்ளை வசந்தன் தங்கமான பையன். அவனுடைய அப்பா சன்னாசி, அதாவது என் சம்பந்தி, பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, நாடு முழுக்க லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐயா, அவர் சாப்பிடுவதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஜொகூருக்கு வழி கேட்டால் ஊர்ப் பெயரே சொல்லமாட்டார். "மீன்தலைக் கறிக் கடை வரும், அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, வடைக்காரம்மா ஸ்டால் வரைக்கும் நேரா போங்க" என்பார். வழி தவறாது. ஒரு கிளாஸ் கோப்பியை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் நிதானத்தைப் பார்த்தால், நாமெல்லாம் இத்தனை நாள் கோப்பி குடிக்கவில்லை, தொண்டையைத்தான் நனைத்தோம் என்று தோன்றும். அதற்காக அள்ளி அள்ளித் தின்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சாப்பிடுவது ஒரு கைப்பிடிச் சோறுதான்.

பெண் பார்க்க வந்த அன்று என் மனைவி லோகேஸ்வரி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கற்றுக்கொண்ட மசாக் லெமாக் வைத்திருந்தாள். அதுதான் நம் நெகிரி மாநிலத்தின் மஞ்சள் தேங்காய்ப்பால் குழம்பு, காரம் உச்சந்தலைக்கு ஏறும். சம்பந்தி ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார். "தங்கச்சி, இது பொட்டலத்துப் பாலு இல்ல, கையால புழிஞ்சது. மொளகாயவும் மெசின்ல அரைக்கல, இடிச்சிருக்கீங்க. கையி எரிஞ்சிருக்குமே" என்றார். கல்யாணமான நாளாக அவள் சமையலைச் சாப்பிடும் நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி. லோகேஸ்வரி அடுப்படிக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதரை நாலு பேர் முன்னால் பாராட்ட வேண்டாமா? போன ஞாயிற்றுக்கிழமை மந்தினில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். சமையல் என் மனைவியின் தம்பி ஹேமநாதன். தாம்பூலம் மாற்றி, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து, சோறு வைத்து, சாம்பார் வாளி சம்பந்தியின் இலைப் பக்கம் வந்த நேரம், சனி மைக் வடிவத்தில் என் கையில் ஏறியது. "எங்கள் சம்பந்தி சாதாரண ஆள் இல்லை, பெரிய சாப்பாட்டு ராமன்!" என்று அன்போடு அறிவித்தேன். மண்டபமே சிரித்தது. அவர் எழுந்து நின்றார். "என்னைய இப்படிச் சொன்ன எடத்துல நான் கை நனைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். நான் பின்னால் ஓடினேன், வேட்டி தடுக்கியது, மாலை மேசையில் மாட்டியது, அப்பளக் கூடை கவிழ்ந்தது, நான் எழுவதற்குள் கார் போய்விட்டது. சாப்பாட்டை அவ்வளவு மதிக்கிற மனிதர் என் மகள் விசேஷத்தில் பட்டினியாகப் போனார் என்பதைத்தான் ஐயா என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று முதல் போன் எடுப்பதில்லை. "கல்யாணத்துல என்னைய என்னான்னு சொல்லி கூப்புடுவாருன்னு மொதல்ல தெரியட்டும்" என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். புனிதா என்னோடு பேசுவதில்லை. சொல் தேடி அலைகிறேன். தின்னிப்பண்டாரம், பெருந்தீனிக்காரன் என்று நிறையத் தின்பவனுக்குத் தமிழில் எத்தனையோ பெயர். ருசி அறிந்து, சமைத்தவர் கை வலியையும் அறிந்து சாப்பிடுகிறவருக்கு ஒன்று அகப்படவில்லை. 'போஜனப் பிரியர்' என்றேன், கோயில் சாமிக்குப் படையல் போடுவது மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. கோயில் தலைவர் 'சுவைச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்றார். "அம்மா, அவரு என்னா எலெக்சன்லயா நிக்கிறாரு? ஃபூடின்னு அப்பாவ சொல்லச் சொல்லுங்க லா" என்று மகள் அம்மாவிடம் சொல்லி அம்மா என்னிடம் சொன்னாள். ஃபூடி என்றால் சோறு ஆறும்வரை போட்டோ எடுப்பவர்கள் அல்லவா?

ஆகவே ஐயா, அடுத்த இதழ்வரை காக்க வைக்காமல் ஒரு நல்ல சொல்லை உடனே அனுப்பி, ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்றுங்கள். தங்கள் பேனாவில் மை வற்றாமலும் தங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் இருக்க வாழ்த்தும்,

தங்கள் நெடுநாள் வாசகன்,
முகுந்தன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியே மோட்டாரில் வந்து இறங்கினார். கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சொல்லாவது மண்ணாவது! அன்னிக்கு சாம்பாரு அடிப்பிடிச்சிருந்திச்சி சம்பந்தி. வாசத்த மறைக்க உங்க மச்சான் பெருங்காயத்த அள்ளிப் போட்டிருக்காரு. வாளி கிட்ட வரும்போதே தெரிஞ்சிருச்சி. நான் எலய ஒதுக்கினா ஊரே பாக்கும். பொண்ணு வூட்டு சாப்பாடு சரியில்லன்னு காலம் பூரா பேசுவானுங்க, அது புனிதா தலையில விடியும். என்னா சாக்கு சொல்லி எந்திரிக்கிறதுன்னு முழிச்சேன், நீங்களே மைக்க புடிச்சி ஒண்ண குடுத்தீங்க" என்றார். "அப்ப ஏன் போன் எடுக்கல?" என்றேன். "எடுத்தா சிரிச்சிருவேன் லா. கோவம் ஒரு வாரமாச்சும் நிக்கலன்னா யாரு நம்புவா? கல்யாணத்துல சமைக்க மட்டும் வேற ஆளப் பாருங்க" என்றார். என் மகளின் மானத்துக்காகப் பசியோடு போன மனிதரை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே அவருக்குச் சொல் தேட வேண்டாம், 'சம்பந்தி' என்ற சொல்லே போதும். ஆனால் ஐயா, அன்று பந்திக்கு முன்பே அதே சாம்பாரைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இப்படி ஒரு மணம் எங்கேயும் கண்டதில்லை" என்று மச்சான் கையைக் குலுக்கி, கல்யாணத்துக்கும் நீதான் சமைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்த ஒருவனுக்குத் தமிழில் என்ன பெயர்?