எருக்கஞ்செடிக்கு வந்த அம்மை

ஆரஞ்சுச் சிறகுக்காரியான பட்டாம்பூச்சி ஒருத்தி வயிற்றை வளைத்து, வாசல் தொட்டியிலிருந்த எருக்கஞ்செடியின் இலைக்கு அடியில் முட்டை வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த விமலன் நிமிர்ந்தபோது, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் அந்த நடைவழியில் கொசுப்புகை மெஷினோடு நாகையா நின்றார்.

"கதவைத் திறந்து வைங்க பாஸ். டெங்கி கேஸ். உள்ள, வெளிய எல்லாம் அடிக்கணும்."

புகை பட்டால் முட்டையும் போச்சு, தாயும் போச்சு. விமலன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"வீட்டுல அம்மை போட்டிருக்குண்ணே."

"யாருக்கு?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. "எனக்குத்தான்."

நாகையா பின்வாங்கினார். "எனக்கு இன்னும் அம்மை வந்ததில்ல பாஸ். முதல்லயே சொல்றதில்லையா?" லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல், மெஷினோடு படியிறங்கி ஓடினார்.

அதற்குள் எதிர்வீட்டு ரமணி அக்காவின் கதவு திறந்துவிட்டது.

"அம்மை போட்ட உடம்போட காத்துல நிக்கிறியே. போய்ப் படு."

வேப்பிலை வந்தது. ரமணி அக்கா வாசலில் கட்டினார், மெத்தையில் பரப்பினார், அதன்மேல் விமலனைக் கிடத்தினார். அவன் மத்தியானத்துக்கு வாங்கி வைத்திருந்த பொரித்த மீனை, "அம்மை வீட்டுல மீனா?" என்று எடுத்துக்கொண்டார்.

"அக்கா, உண்மையச் சொல்லிடுறேன். அம்மை இல்ல. செடியில முட்டை..."

"காய்ச்சல் ஏறிடுச்சு. பிதற்றுறான்," என்றார் ரமணி அக்கா, போனில்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"உன் பொண்டாட்டிகிட்டதான். ஷாமினிய காஜாங்குல அக்கா வீட்டுலயே தங்கிக்கச் சொல்லிட்டேன். உன் ஆபீஸுக்கும் அவளே சொல்லிடுவா லா."

சாயங்காலம் மாடியே திரண்டது. இளநீர் வந்தது, கூழ் வந்தது. கடைசியில் யாரோ சாம்பிராணித் தட்டோடு வந்தார்கள். எந்தப் புகைக்குப் பயந்து படுத்தானோ, அது பக்தியோடு வாசலுக்கே வந்துவிட்டது. விமலன் முதுகில் ஒட்டிய வேப்பிலையோடு எழுந்தான்.

"புகை ஆகாது, அம்மா கோவிச்சுக்குவா. எல்லாரும் கிளம்புங்க," என்று ரமணி அக்காவே விரட்டினார்.

கூட்டம் போனது. விமலன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். ரமணி அக்கா செடியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை இலையைப் பிடித்திருந்தது.

"ஒடிச்சிடாதீங்கக்கா. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

ரமணி அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இலையை மெல்லத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"முட்டை பொரியற வரைக்கும் எழுந்திரிக்காதே தம்பி. அடுத்த தடவை புகைக்காரன் வந்தா, அம்மை எனக்கு."