தயிர்ச் சட்டியில் எடுத்த படம்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

என்மேல் கோபமாயிருக்கும் அன்பு மனைவி மாக்ரெட்டுக்கு,

உன் கணவன் சவிரிமுத்து எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நான் சுகம். வத்தளையில் நீயும் உன் தங்கச்சியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போன் எடுத்தால் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா? கோயில் மண்டபத்து வகுப்பில் எழுதப் பழகிய பிறகு என் முதல் கடிதம் உனக்குத்தான். ஒவ்வோர் எழுத்தாக வைக்கிறேன். ஆறுதலாக வாசி.

நடந்ததை முறையாகச் சொல்ல நீ இடம் தரவில்லை. மகள் மேனகா தந்த பழைய போனில் எறும்பைப் பெரிதாகப் படம் பிடிக்க ஆசைப்பட்டேன். அதற்கென்று விற்கிற லென்ஸின் விலையைக் கொள்ளுப்பிட்டிக் கடையில் கேட்டதுமே எனக்குத் தலை சுற்றியது. ரேடியோ திருத்துகிற ஷிஹான்தான் பழுதான டிவிடி பிளேயருக்குள் இருந்த குட்டிக் கண்ணாடியைக் கழற்றித் தந்து, இதைப் போன் கமராவின் மேல் ஒட்டினால் போதும் என்றான். உன் கொண்டை ஊசியில் அதைச் செருகி டேப் ஒட்டினேன். மாக்ரெட், ஒரு சீனி மணி கற்கண்டு மலைபோல் தெரிந்தது. ஆனால் நகமளவு தூரத்தில் போனைப் பிடித்து மூச்சை அடக்க வேண்டும்; எறும்பு அதற்குள் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். அசையாமல் நிற்கிற உயிர் ஒன்றைத் தேடித்தான் பின் பல்கனியில் மழைத்தண்ணீர் நின்ற தயிர்ச் சட்டிக்கு வந்தேன். உள்ளே நுளம்பின் புழு, குடம்பி என்பார்களே, அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே ஏதோ துடிக்கிறது, மூச்சு விடுவது வாலால். ஒரே ஒரு படம்தான் தெளிவாக வந்தது. அதற்கு மட்டும் நல்ல வெளிச்சம் கிடைத்தது.

அடுத்த நாள் டெங்கு நுளம்பு பார்க்க வந்த சுகாதார ஐயா முன் ஹோலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். நான்தான் வலியப் போய்ப் போனைக் காட்டினேன்.

"ஹரி லஸ்ஸனய், அங்கிள், நல்ல வடிவு. நெட்டில எடுத்ததா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நெட்டா? என்ட கையால எடுத்தனான் தம்பி. வாங்கோ, ஆளையே காட்டுறன்" என்று பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சட்டியைப் பார்த்ததும் தண்டம் எழுதுகிற புத்தகத்தை எடுத்தார்.

ஒழுங்கை முழுக்க வீடு வீடாய்ப் போய்த் தண்ணீர் நிற்கிற சட்டியெல்லாம் கவிழ்க்கிறவள் நீ. கீழ்வீட்டு ஹபீஸ் நானாவின் பூச்சாடித் தட்டைக்கூடப் பறித்துக்கொண்டு வந்தவள். அவர் படியில் நின்று, "மாக்ரெட் மிஸ்ஸுட ஊட்லயா புடிச்ச? அப்ப என்ட தட்டத் திருப்பித் தாங்க" என்றது உனக்குப் பொறுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: முழுப் பிழையும் என்னுடையது, அந்தச் சட்டியைப் பற்றி மாக்ரெட்டுக்கு ஒன்றுமே தெரியாது. சட்டியை உடைத்தாயிற்று. லென்ஸை ஷிஹானிடமே கொடுத்துவிடுகிறேன். இனிப் படம் பிடிக்க மாட்டேன், இது சத்தியம். நேற்று உனக்குப் பதிலாக நானே சட்டி கவிழ்க்கப் போனேன். ஹபீஸ் நானா சிரித்துவிட்டு, "மிஸ் மாதிரி ஏச ஒங்களுக்குத் தெரியாது. அவங்க எப்ப வாறாங்க?" என்று கேட்டார்.

தேவமாதா உனக்கு நீர்கொழும்பு ரோட்டு பஸ்ஸில் இருக்க ஓர் இடம் தந்து, சீக்கிரம் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன்,
சவிரிமுத்து

பிற்குறிப்பு: லென்ஸைக் கொடுக்கப் போனேன், ஷிஹானின் கடை பூட்டு. அன்று எனக்கு டோர்ச் பிடித்தது யாரென்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. "இஞ்சாருங்கோ, அதுக்குக் கண்ணெல்லாம் இருக்கு. தண்ணிய ஊத்திறத நாளைக்குப் பாப்பம், இன்னும் ஒண்டு எடுங்கோ" என்றது யாரென்றும் சொல்லவில்லை. மேனகாவைக் கொண்டு எழுதுவித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நானே எழுதினேன். உன் ரோசாச் செடியில் பச்சைப் பூச்சி ஒன்று வந்து இருக்கிறது. தண்ணீர் தேவையில்லாத பூச்சி. டோர்ச் பிடிக்கத்தான் ஆள் இல்லை.