பொய்ப் புறாக்களின் நடுவே சம்பந்தி

துவக்கு வெடிக்கும் சத்தத்துக்கு நான் பயப்படுவதில்லை என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ரொறொன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் வாணவேடிக்கை நடக்கும் நாட்களில் மட்டும் பேஸ்மென்ட்டுக்குப் போய்த் துணி துவைப்பேன். (அழுக்குத் துணி இல்லாவிட்டால், துவைத்த துணியை.) இது தற்செயல் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வேஷம் கலைந்தது என் மகள் ஆரணியின் கலியாணப் பேச்சில்.

அவள் விரும்பிய பையன் கொன்னர், வெள்ளைக்காரன். தகப்பன் க்ளென் ஒரு விவசாயி. ரொறொன்ரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வடக்கே அவருக்குக் கோதுமை வயல்கள். இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்தித்தது ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சுருட்டிக்கொண்டே க்ளென், தனக்குப் புறா வேட்டையில் விருப்பம் என்றார். பிறகு ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்: "உங்களுக்குத் துவக்குப் பழக்கம் உண்டா?"

"நான் துவக்குகளுக்கு நடுவில்தான் வளர்ந்தேன்" என்றேன்.

அது உண்மை. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் க்ளெனின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறு ஏதோ விளங்கிவிட்டது என்று தெரிந்தது. "அப்படியென்றால் சனிக்கிழமை வாருங்கள்!" என்றார். என் மனைவி சுகந்தி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஆரணி சந்தோஷத்தில் கண் கலங்கினாள். நான் தலையாட்டினேன்.

காரில் ஏறியதும் சுகந்தி தொடங்கினாள். "உங்களுக்கு விசரே? சீனவெடிக்கே பேஸ்மென்ட்டுக்க ஓடுற ஆள் வேட்டைக்குப் போறாராம்!"

(ஆக, அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.)

"எனக்கு லைசென்ஸ் இல்லையப்பா. நான் சுடத் தேவையில்லை. சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதுதான்."

பின் சீட்டிலிருந்து ஆரணி, "அப்பா, ப்ளீஸ், அங்க போய் வியர்டா ஒண்டும் செய்யாதேங்கோ. க்ளென் ரியலி லைக்ஸ் யூ" என்றாள்.

சனிக்கிழமை காலை, அறுவடை முடிந்த வயலில் க்ளென் என்னிடம் ஒரு பெரிய பையைத் தந்தார். உள்ளே இருபத்துநான்கு பிளாஸ்டிக் புறாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி. இவற்றை வயலில் நட்டுவைத்தால், மேலே பறக்கும் நிஜப் புறாக்கள் தங்கள் கூட்டம் கீழே சாப்பிடுகிறது என்று நம்பி இறங்குமாம். லைசென்ஸ் இல்லாதவனுக்கு இந்த வேலை. எப்படி நடவேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். என் கண் முழுக்க அவர் தோளில் தொங்கிய துவக்கில் இருந்தபடியால், "யா, யா" என்று சொன்னது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அவர் தந்த பச்சைப் புள்ளிச் சட்டையையும் முகமூடி வலையையும் மாட்டிக்கொண்டு போய் நட்டேன்.

பிறகு இருவரும் வேலியோரம் வலை கட்டிய மறைவுக்குள் குந்தியிருந்தோம். புறாக்கள் வந்தன, மேலே ஒரு சுற்றுச் சுற்றின, போய்விட்டன. இன்னொரு கூட்டமும் அப்படியே. க்ளென் தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"யோகா, ஏன் எல்லாம் நேருக்கு நேராக இரண்டு வரிசையில் இருக்கின்றன?"

யோசித்துப் பார்த்தால், கலியாண வீட்டில் பந்திக்கு இருத்துவதுபோல நட்டிருந்தேன். குச்சி இறங்காத ஒன்றை ஓரமாகப் படுக்கவைத்தும் இருந்தேன்.

"எல்லா அலகும் காற்று வரும் பக்கம் பார்க்கவேண்டும். கூட்டம் ஐதாகப் பரவியிருக்கவேண்டும். மற்றவை இறங்க நடுவில் வெளி விடவேண்டும்" என்று மீண்டும் சொன்னார். தோட்டாக்களைக் கழற்றி, வெறும் துவக்கைத் திறந்து காட்டிவிட்டு, "பயமில்லாமல் போய்த் திருத்திவிட்டு வாருங்கள்" என்றார்.

ஐந்தாவது புறாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

'டும்!'

அதன் பிறகு நடந்தவற்றில் என் மூளைக்குப் பங்கில்லை. ஷெல் விழும்போது செய்யவென்று பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தில் பழக்கியதை உடம்பு தானாகவே செய்தது. குப்புற விழு. முழங்கையை ஊன்றி நெஞ்சை நிலத்திலிருந்து தூக்கு. காதைப் பொத்து. செவிப்பறை கிழியாமலிருக்க வாயைத் திற. திறந்த வாய்க்குள் கோதுமை வைக்கோலும் கனடிய மண்ணும் போயின. துப்பவில்லை. துப்பினால் ஆமிக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

எந்தப் பக்கம் பங்கர் என்று யோசித்தேன். தம்பி எங்கே என்று யோசித்தேன். என் தம்பி அந்த நேரத்தில் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்திருப்பான். அது எனக்குத் தெரியவில்லை.

'டும்!'

அடுத்தது கிட்ட விழும். எப்போதும் அப்படித்தான். நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஏதோ வந்து விழுந்தது. ஷெல் துண்டு. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தத் துண்டு நடக்கத் தொடங்கியது.

இடுப்பிலிருந்து கழுத்துவரை சின்னச் சின்ன நகங்கள். பிறகு காதோரம் "க்ரூ" என்று ஒரு குரல். ஒரு கண்ணைத் திறந்தேன். என்னைச் சுற்றி வயல் முழுக்கப் புறாக்கள், அலகு திறந்து மூடும் நிஜப் புறாக்கள், நிம்மதியாகத் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தன. மூச்சுவிடவும் பயந்து கிடந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. சடசடவென்று எல்லாம் எழும்பின. க்ளெனின் சப்பாத்துகள் தெரிந்தன. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தவர் என் முகமூடியைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

"நெஞ்சு வலியா?"

"ஆர் ஷெல் அடிக்கிறாங்கள்?" என்று தமிழில் கேட்டேன்.

பிறகு எப்படியோ ஆங்கிலம் வந்தது. அவர் பக்கத்து வயலைக் காட்டினார். பறவைகளை விரட்ட, எரிவாயுவில் தானாக வெடிக்கும் ஒரு குழாய். குண்டு கிடையாது, வெறும் சத்தம். அது விரட்டிய புறாக்கள்தான் எங்கள் பக்கம் வந்திருந்தன. அன்றைக்கு அப்போதுதான் அதை முடுக்கியிருந்தார்கள். க்ளெனுக்கு அது தினமும் கேட்கும் சத்தம். சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

"துவக்குகளுக்கு நடுவில் வளர்ந்தேன் என்றீர்களே?"

"ஓம். எல்லாம் எங்களை நோக்கித்தான் இருந்தன."

க்ளென் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த வைக்கோல் தாளிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்து யாரிடமோ, "அந்தக் குழாயை நிறுத்து. பிறகு சொல்கிறேன்" என்றார். வாயிலிருந்த மண்ணை நான் துப்பி முடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். அன்று ஒரு புறாவும் சாகவில்லை.

கலியாணம் முடிந்து இப்போது பேரனும் வந்துவிட்டான். இரண்டு குடும்பமும் கூடும்போதெல்லாம் க்ளென் இந்தக் கதையைச் சொல்வார். அவர் கதையில் வெடிச்சத்தம் கிடையாது, ஷெல் கிடையாது, வாய்க்குள் மண் கிடையாது. முதல்நாள் வேட்டையிலேயே, பொய்ப் புறாக்களை நம்பாமல், தானே வயலில் படுத்து அசையாமல் கிடந்து புறாக்களை முதுகில் இறக்கிய யோகா மட்டும்தான் இருப்பான். "இப்படி ஒரு பொறுமைசாலியை நான் கண்டதில்லை!" என்று முடிப்பார்.

உடனே சுகந்தி சிரித்தமுகத்தோடு சபைக்குத் தமிழில் சொல்வாள்: "பயத்தில விறைச்சுப்போய்க் கிடந்தவர்!"

எங்கள் பக்கம் முழுக்க வெடித்துச் சிரிக்கும். ஒரு சொல்லும் விளங்காத க்ளென், அவள் தன் பேச்சைத்தான் ஆமோதிக்கிறாள் என்று நம்பி, கிளாஸை உயர்த்தி, "எக்ஸாக்ட்லி!" என்பார்.