காலி லைட்டருக்கு ஆதாரம்

புது லைட்டர் வாங்குபவர்கள் பழசைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போவது அந்தத் தெருவின் நாகரிகம். அப்படிப் பை நிறையச் சேர்ந்தவை பொதுமக்களின் உயிருக்குப் பேராபத்து என்று நகராட்சி கண்டறிந்தது. மாலைக்குள் உரிய பிரிவில் ஒப்படைக்காவிட்டால் கடைக்குச் சீல். பெட்டிக்கடைக்காரருக்கு அந்தக் கடைதான் சோறு. வேறு பிழைப்பு கிடையாது. மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் பையோடு ஓடினார்.

பயன்படுத்தப்பட்ட லைட்டர்கள் பாதுகாப்பு அகற்றல் பிரிவின் அதிகாரி, பையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தார்.

“காலி லைட்டர் மட்டும்தான் வாங்குவோம். இதெல்லாம் காலியா?”

“காலிதாங்க. பாருங்க, பத்தவே இல்ல.”

“பத்தலைன்னா காலியா? கல்லு தேஞ்சிருக்கலாம், உள்ள கேஸ் இருக்கலாம். வெடிச்சா யார் பொறுப்பு?”

“கல்லு நல்லாருக்குன்னு எப்படிங்க காட்டுறது?”

“கேஸ் நிரப்பிப் பத்தவைங்க.”

நிரப்பிக்கொண்டு வந்தார். எல்லாம் ஜோராக எரிந்தன. அதிகாரியின் முகம் சுருங்கியது.

“நல்ல லைட்டராச்சே! நல்ல பொருளை அழிச்சா நாளைக்கு நான்ல பதில் சொல்லணும்? காலி பண்ணிட்டு வாங்க.”

கடைக்காரர் வராந்தாவில் நின்று ஒவ்வொன்றாக எரித்துத் தீர்த்தார். பாவம் பார்த்து பியூனும் கைகொடுத்தார். இருவருக்கும் கட்டைவிரல் கொப்பளித்ததுதான் மிச்சம்.

“இப்பக் காலி சார். கல்லு நல்லாருக்குன்னு நீங்களே பாத்தீங்க.”

“அப்ப நல்லாருந்துச்சு. இவ்வளவு நேரம் தட்டித் தட்டித் தேச்சிருக்கீங்களே?”

அலுவலக நேரம் முடிந்தது.

அவர் பையோடு திரும்பியபோது, சீல் வைப்பவர் அரக்கும் துணியுமாகக் கடை வாசலில் நின்றிருந்தார். அரக்கை உருக்க நெருப்பு வேண்டுமே என்று பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்துத் தட்டினார். இன்னொன்று. இன்னொன்று.

“என்னய்யா, எல்லாமே காலியா இருக்கு?”

கடைக்காரருக்குக் கண் கலங்கியது. “இதை மட்டும் எழுதிக் குடுங்க சார், புண்ணியமாப் போகும்.”

“அது அந்தப் பிரிவு வேலைப்பா. நாங்க சீல் மட்டும்தான்.” அவர் அரக்கை உயர்த்திப் பிடித்தார். “நெருப்பு இருக்கா?”

வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய கேள்வி. கடைக்காரரின் கை தானாக உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து, குச்சியைக் கிழித்து நீட்டியது.

“ஏங்க, நெருப்பும் நாமதான் குடுக்கணுமா?” என்றாள் மனைவி.

காற்று பலமாக வீசியது. அனுதாபம் சொல்ல வந்திருந்த தெருக்காரர்கள் எல்லோரும் நெருங்கி நின்று, சுடர் அணையாமல் மறைத்துக்கொண்டார்கள்.