நாலு இருக்கை விமானமும் அத்தை கிள்ளிய கிள்ளும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மாத்தளையில் என்னைத் தெரிந்த யாருக்கும் இது புதிய செய்தியும் இல்லை. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், பஸ் சாரதி ஒரு கையால் போனைத் தடவினால் பயம். இவையெல்லாம் பிறவியிலேயே வந்த, படிப்பறிவில்லாத பயங்கள். படித்துப் பட்டம் வாங்கிய பயம் ஒன்றும் எனக்கு வந்தது. அது என் மச்சானின் விமானத்தால் வந்தது.

மச்சான் என்றால் என் மனைவி ரீட்டாவின் தம்பி, டொமினிக். கொழும்புக்குப் போய் விமானம் ஓட்டப் படித்தான். லைசன் எடுத்த பிறகு, நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் நான் வேலை செய்யும் பார்மசிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், சனிக்கெழம சீகிரியா பக்கம் ப்ளேன கொண்டுவர்றேன். மொதலாளி சரின்னுட்டாரு. அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க. மேல இருந்து நம்ம வீட்ட காட்டுறேன்."

வீட்டில் சொன்னேன். ரீட்டா துள்ளினாள். அவளுடைய அம்மா, எங்களோடு இருக்கும் என் அத்தை, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "மேல காத்தடிக்கும். சேலைக்கு நல்லா ஊசி குத்திக்கணும்" என்றார். இருவருக்கும் அவ்வளவுதான் கவலை. மிச்சக் கவலையை எல்லாம் நான் எடுத்துக்கொண்டேன்.

பார்மசியில் மத்தியான நேரம் ஆளிருக்காது. போனை எடுத்து, டொமினிக் ஓட்டும் அந்த ரக விமானம் இதுவரை எங்கெங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒவ்வொரு விபத்தையும் காரணத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். பெட்ரோல் தீர்ந்துபோய் விழுந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்து விழுந்தது. மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியது. (எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை!) எஞ்சினுக்குள் பனிக்கட்டி பிடித்து மூச்சடைத்து விழுந்தது. சீகிரியா வெயிலில் பனிக்கட்டியா என்று கொஞ்சம் ஆறுதல்பட்டேன். காற்றில் ஈரம் இருந்தால் வெயில் நாளிலும் பிடிக்கும் என்று அடுத்த வரியில் போட்டிருந்தது.

இவற்றில் என்னை உலுக்கிய காரணம் இருக்கை. இந்த விமானத்தின் முன் இருக்கைகள் ஒரு தண்டவாளத்தில் நகருமாம். பூட்டு சரியாக விழாவிட்டால், விமானம் எழும்பும்போது இருக்கை பின்னால் வழுக்கும். வழுக்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்து இழுப்பார். கையில் கிடைப்பது விமானத்தைத் திருப்பும் சக்கரம். அதை இழுத்தால் மூக்கு மேலே எகிறும். அப்புறம் என்ன, கதை முடிந்தது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அநேகமான விபத்துகளில் பிழை இயந்திரத்தில் இல்லை, மனிதரில்தான் என்று முடித்திருந்தார்கள். மனிதர் என்றால் டொமினிக். வேன் பழகும்போது மாதா கோயில் பங்கு மண்டபத்தின் கேட்டைப் பெயர்த்தெடுத்தவன்.

அன்றிலிருந்து அவனை நான் நிம்மதியாக இருக்க விடவில்லை.

"பெட்ரோல்ல தண்ணி இருக்கான்னு பாப்பியா?"

"பாப்பேன் மச்சான்."

"பாரம் கூடினா எழும்பாதாமே?"

"நீங்க மூணு பேரு என்ன, ஆனையா? வைங்க மச்சான் போன."

பாரம் விஷயத்தை நான் அப்படி விடவில்லை. அத்தையைப் பார்மசிக்கு வரவழைத்து, வாசலில் இருக்கும் நிறை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னேன். "எதுக்கு மாப்பிள்ளை?" என்றார். ப்ளேனுக்கு என்று உண்மையைச் சொன்னேன். அத்தை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "பொண்ணு கேட்டு வந்தப்பகூட இதெல்லாம் யாரும் கேக்கல" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் என் தட்டில் சோறு விழும் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை தம்புள்ளை பஸ்ஸில் ஏறினோம். நான் கத்தோலிக்கன். ஆனாலும் ஏறுவதற்கு முன்பே முத்துமாரியம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாயிற்று. பள்ளிவாசலைத் தாண்டும்போது தலை தானாகக் குனிந்தது. அலுவிகாரையில் புத்த விகாரையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினேன். "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு பக்தி பொங்குது" என்றார் அத்தை. ரீட்டா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சீகிரியா ஓடுபாதையில் நின்ற விமானத்தைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். எங்கள் தெரு த்ரீவீலுக்கு இறக்கை முளைத்தால் எப்படி இருக்கும், அந்த அளவுதான். டொமினிக் வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து என்று மாப்பிள்ளை மாதிரி நின்றான். எனக்காகவே கண்ணாடிக் குழாய் ஒன்றில் பெட்ரோலைப் பிடித்துக் காட்டினான். இருமல் மருந்தில் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கலங்கலாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

மரியாதைக்காக என்னை முன்னால், அவன் பக்கத்தில் உட்கார வைத்தான். எனக்குப் பின்னால் அத்தை, அவனுக்குப் பின்னால் ரீட்டா. என் நெஞ்சுக்கு நேரே, அவனுக்கு இருப்பதைப் போலவே இன்னொரு பாதிச் சக்கரம்.

"அத மட்டும் தொடாதீங்க மச்சான்."

"சீட்டு?"

அவனே என் இருக்கையை ஆட்டிப் பார்த்தான். "பூட்டியிருக்கு. மல மாதிரி நிக்கும்."

அவன் சொன்னால் போதுமா? இருக்கைக்குக் கீழே ஒரு கம்பி இருந்தது. தூக்கினால் பூட்டு கழலும், விட்டால் விழும். நானே தூக்கிப் பார்த்தேன். விழுந்தது. எஞ்சின் உறுமியதும் மறுபடி தூக்கிப் பார்த்தேன். விழுந்தது. ஓடுபாதையின் முனையில் போய் நின்றபோது, எதற்கும் இன்னொரு தரம் என்று தூக்கினேன். அந்த நேரம் பார்த்து டொமினிக் வேகத்தைக் கூட்டினான். எஞ்சின் போட்ட சத்தத்தில் கம்பி விழுந்ததா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை.

விழவில்லை.

சக்கரங்கள் தடதடத்தன. பிறகு தடதடப்பு நின்றது. தரை கீழே போனது. அதே நொடியில் என் இருக்கை சர்ரென்று பின்னால் ஓடி அத்தையின் முழங்காலில் இடித்தது. நான் ஆகாயத்தில் இருந்து விழுகிறேன் என்றுதான் நினைத்தேன். கைகள் எதிரே இருந்த சக்கரத்தைப் பாய்ந்து பிடித்தன. பிடித்தது மட்டுமில்லை, என் முழு நிறையோடும் இழுத்தன.

விமானத்தின் மூக்கு நேரே வானத்தைப் பார்த்தது. கண்ணாடியில் ஓடுபாதை இல்லை, மரம் இல்லை, வெறும் நீலம். எங்கோ ஒரு ஊளை கிளம்பியது. சீவாளி பழுதான நாதஸ்வரத்தை யாரோ மூச்சுப் பிடித்து ஊதுவதுபோல. அது எதற்கு ஊளையிடுகிறது என்று டொமினிக்குக்குத் தெரியும். அவனை விட்டால் எனக்குத் தெரியும். இறக்கை காற்றின் பிடியை இழக்கப் போகிறது. அடுத்தது மூக்குக் குத்திக் கீழே. வாரம் முழுக்க நான் படித்தது இதைத்தான்.

"விடுங்க மச்சான்! விடுங்க!" டொமினிக் தன் சக்கரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு கத்தினான்.

விடத்தான் நினைத்தேன். சத்தியமாக. விரல்களுக்கு உத்தரவு போட்டேன், விரல்கள் கேட்கவில்லை. காது அடைத்து, அந்த ஊளை மட்டும் மண்டைக்குள் கேட்டது. ரீட்டா "மாதாவே" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இவள் சாகப் போகிறாள், என்னால் சாகப் போகிறாள் என்று தெளிவாகத் தோன்றியது. அப்போதும் கை விடவில்லை.

பின்னாலிருந்து அத்தையின் கை வந்தது. அக்குளுக்குக் கீழே, மெல்லிய தோல் இருக்கும் இடத்தில், பூசை நேரத்தில் குழப்படி செய்யும் பிள்ளைகளைக் கிள்ளுவார்களே, அந்தக் கிள்ளு. கிள்ளி, ஒரு திருகும் திருகியது.

"விடுடா கைய!"

என் இரண்டு கைகளும் தெறித்து விலகின. மூக்கு கீழே வந்தது. ஊளை நின்றது. மரங்களின் உச்சி எங்கள் வயிற்றைத் தடவுவதுபோல் போயிற்று. பிறகு விமானம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. டொமினிக் ஒரு வட்டம் அடித்து, வந்த வழியே இறக்கினான்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் அவன் கதவைத் திறக்கவில்லை. பின்னால் திரும்பி அக்காவையும் அம்மாவையும் ஒருமுறை பார்த்தான், போதாதென்று இன்னொருமுறையும் பார்த்தான். கேட்டைப் பெயர்த்த பையன் என்று நான் எண்ணிய ஆள்தான் எங்களைத் தரைக்குக் கொண்டுவந்திருந்தான்.

கடமையில் இருந்த அதிகாரி ஒருவர் ஓடிவந்து, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். டொமினிக் சீட் பூட்டைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். இவன் லைசனுக்கு வினை வந்துவிடுமோ என்று எனக்கு அடுத்த பயம் பிடித்தது.

"மமய் மாத்தயா! மமய் ஐத்தே!" என்று கத்திவிட்டேன். நான்தான் ஐயா, நான்தான் இழுத்தேன்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பிழிகிற நிலையில் இருந்த என் லேஞ்சியைப் பார்த்தார். இனிமேல் எதையும் பிடிக்காதீர்கள் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். டொமினிக் முதலாளிக்குப் போன் எடுத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். விமானத்தோடு வந்திருந்த மெக்கானிக் இருக்கையைக் கழற்றி, தண்டவாளத்தைத் தடவி, பூட்டைத் தட்டிப் பார்த்தார். பூட்டில் ஒரு குறையும் இல்லை. குறை அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

எல்லாம் சரி என்று ஆனதும் அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, அப்ப வீட்ட காட்டு."

"அம்மா, இன்னிக்கு வேணாம்."

"எனக்கு காலு மட்டுந்தான் வலிக்குது. கண்ணு நல்லா இருக்கு. காட்டு."

ரீட்டாவும் ஏறினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அன்று நான் உண்மையில் பயந்தது அப்போதுதான். உள்ளே இருந்தபோது பயப்படச் சில நொடிகள்தான் கிடைத்தன. கீழே நிற்பவனுக்கு வானம் முழுக்க நேரம். விமானம் ஈயாகி, புள்ளியாகி, மாத்தளைப் பக்கம் மலைகளுக்கு மேல் கரைந்து போனது. சின்ன மேகம் ஒன்று வந்தாலும் அது விலகும்வரை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே இருந்தேன். அதிகாரி இரக்கப்பட்டுக் கொடுத்த பிளேன்டீ கையிலேயே ஆறிப்போனது. ரீட்டாவிடம் காலையில் கடைசியாக என்ன பேசினேன் என்று யோசித்தேன். "தண்ணி போத்தல எடுக்காத, பாரம்" என்பதுதான். அதை நினைத்து ஒரு மரத்தடியில் நின்று அழுதேன்.

தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டபோது கையசைத்துக்கொண்டு ஓடுபாதைப் பக்கம் ஓடினேன். அதிகாரி என் காற்சட்டைப் பட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

இறங்கிய அத்தை, புது உலகம் பார்த்தவர்போல் கண்கள் மின்ன வந்தார்.

"நம்ம கூரையில ஒரு தகரம் தூக்கிக்கிட்டு நிக்குது மாப்பிள்ளை. மழைக்கு முந்தி அடிச்சிருங்க."

மறுபடி 'மாப்பிள்ளை', மறுபடி 'ங்க'. கிள்ளிய இடம் மட்டும் வெகுநாள் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நான் கேஸ் சிலிண்டர் பக்கம் போனாலும், ரிமோட்டைத் தொட்டாலும், யாராவது ஒருவர் "விடுடா கைய!" என்பார். பிறகு பிறந்த என் மகள் பேசப் பழகிய காலத்தில் அவளும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஏன் என்றே தெரியாது.

போன வருடம் டொமினிக்குக்குப் பையன் பிறந்தான். ஞானத்தகப்பனாக என்னைத்தான் கேட்டான். சரியாகத்தான் கேட்டாயா என்று திருப்பிக் கேட்டேன். மாதா கோயிலில், ஞானஸ்நானத் தொட்டி முன்னால், பிள்ளையை வாங்க நான் கையை நீட்டினேன். பின்வரிசையில் யாரோ மெதுவாக, "விடுடா கைய" என்றார்கள். அத்தையின் குரல்தான். வரிசை முழுக்கக் குலுங்கியது. ஞானஸ்நானம் கொடுக்க நின்ற சாமியார் ஒன்றும் புரியாமல் புத்தகத்தில் வரியைத் தேடினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன உடம்பு என் கைக்கு வந்ததும் விரல்கள் பழையபடி இறுகிக்கொண்டன. டொமினிக் அதைப் பார்த்துவிட்டான். என் காதருகே குனிந்தான்.

"இந்தத் தடவ விட்றாதீங்க மச்சான்."