காகம் இல்லாத பட்டம்

"ஏன் காகம்?" என்று பேராசிரியர் கிரோனர் கேட்டதும் உமாபதி, கொடுத்த தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிவிட்டான்.

அவன் சென்னையில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்தவன். படித்தவன் என்பதைவிட அதனோடு மல்லுக்கட்டியவன் என்பதே சரி. அதனிடமிருந்து தப்பிக்கத்தான் 1969இல் பாதிப் படிப்போடு ஜெர்மனிக்கு, பான் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வந்தான். இங்கே ஒரு முதன்மைப் பாடம், இரண்டு துணைப் பாடங்கள் என்று மாணவனே தன் பட்டத்தைக் கோத்துக்கொள்ளலாம். கிரோனர் கையெழுத்துப் போட்டால் போதும். அவரோ விலங்கியல்காரர். விலங்கியல், ஒலியியல், மனோதத்துவம் மூன்றையும் சேர்த்து, காகங்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று படிக்கப்போவதாக உமாபதி எழுதிக் கொடுத்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அது.

அந்தக் கேள்விக்கு அவன் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியார் ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தான். முன்னறையில் தட்டெழுதிக்கொண்டிருந்த செயலாளர் திருமதி லெம்கே அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அறைத்தோழன் பாலச்சந்திரன் பான் நகரில் பழம் தின்று கொட்டை போட்டவன். எத்தனை முறை பாடம் மாறினான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. அதனால் ஆலோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"டேய், நம்ம காலேஜ்ல ஒரு புரொபசர் ஏன்னு கேட்டா, அதை எடுத்துடுன்னுதானே மீனிங்? இங்க மட்டும் வேறயா? காக்காவைக் கட் பண்ணு. டீசன்ட்டா ஏதாவது போடு."

காகம் பறந்தது. பொதுவாகப் 'பறவைகள்' என்று எழுதிக்கொண்டு போனான். கிரோனர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காகம் எங்கே போயிற்று?"

கிண்டல் செய்கிறார் என்று உமாபதிக்கு மானம் போயிற்று. போதாக்குறைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும் சொன்னார். உட்கார வைத்துத் திட்டுவதென்றால் சாதாரணத் திட்டாக இருக்காது என்று பயந்து, நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவந்தான்.

அடுத்த முறை பறவைகளையும் ஒலியியலையும் தூக்கிவிட்டுப் பௌதிகத்தைச் சேர்த்தான். ஒலியியல் பிடிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். அதற்கடுத்த முறை மனோதத்துவத்தின் இடத்தில் கணிதம் வந்தது. அப்படியா என்றார், அவ்வளவுதான். கேள்வி குறையக் குறைய உமாபதிக்குத் தெம்பு வந்தது. சரியான பாதையில்தான் போகிறோம் என்று நினைத்தான்.

மிச்சம் இருந்தது விலங்கியல். அதையும் எடுத்துவிட்டு ரசாயனத்தைப் போட்டால் சென்னையில் படித்த இரண்டு வருஷமும் கணக்கில் வரும், வாத்தியார் வாயே திறக்கமாட்டார் என்றான் பாலச்சந்திரன். எந்தச் சனியனிடமிருந்து தப்பிக்கக் கடல் தாண்டி வந்தானோ, அதையே முதன்மைப் பாடமாகத் தன் கையால் எழுதினான் உமாபதி. எழுதும்போது அழுகை வந்தது. ஆனாலும் எழுதினான்.

கிரோனர் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த ஆளை வரச் சொன்னார்.

முன்னறையில் திருமதி லெம்கே முத்திரை குத்தும்வரை உமாபதி ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. வெளியே மரத்தில் இரண்டு காகங்கள் எதையோ விடாமல் பேசிக்கொண்டிருந்தன. அவை என்ன பேசுகின்றன என்று இனி அவன் கேட்கப்போவதில்லை. அந்த வருத்தத்தை மறைக்க, வலிய ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, கடைசியில் பேராசிரியருக்குத் திட்டம் பிடித்துவிட்டது, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னான்.

திருமதி லெம்கே முத்திரையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பிடித்திருந்தால்தான் அவர் கேள்வி கேட்பார், திரு உமாபதி. உங்கள் காகத்துக்கென்று ஆய்வுக்கூடத்தில் காலியாக வைத்திருந்த அறையை நேற்றுத்தான் வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னார்."