கையை விட்டால் நிற்கும் கிடார்

கிடாரை வாசித்துப் பார்க்காமல், கழுத்தில் தொங்கவிட்டு மட்டுமே பார்த்து வாங்கிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறார். பெயர் கிரேன் அண்ணன். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வேறு ஒரு பெயர் வைத்திருப்பார். அதை யாரும் கேட்டதில்லை.

தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலை. அதன் கூரையை ஒட்டி ஓடுகிற கிரேன் அவருடையது. காலையில் ஏணியேறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் டீக்குத்தான் இறங்குவார். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கீழே நிற்பவன் கையால் காட்டுவான், இவர் மேலேயிருந்து செய்வார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் நிறுத்து. வருஷக்கணக்காக அடுத்தவன் கையைப் பார்த்தே பிழைத்ததில் அவருக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. டீக்கடையில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி விரலைக் கீழே காட்டிச் சுற்றுவார். மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். அண்ணன் சர்க்கரையோடு குடித்துவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பாட்டுக் குழுவில் அவர்தான் பேஸ் கிடார், பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த நாதம். எண்பதுகளின் பாட்டு தவிர வேறு எதையும் தொடமாட்டோம். பொன்னேரி சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் டேவிட் தலைவன். அவன் தங்கை மெர்சி பாடுவாள். நான் ரிதம் பேட், தாளம் என் கையில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனால் கவலைப்படுவதில் மேற்படிப்பு வரை போயிருக்கிறேன். மேடை ஏறினால் கரண்ட் போகுமோ, மழை வருமோ, வயர் பிடுங்கிக்கொள்ளுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அது கைக்கு இறங்கினால் தாளம் ஓட ஆரம்பித்துவிடும். நான் வாசிக்கிற தாலாட்டுக்குக் குழந்தை எழுந்து பல் விளக்கி ஸ்கூலுக்குக் கிளம்பிவிடும்.

அண்ணனுக்கோ மேடை என்பது சைகை கொடுக்கிற இடம். வாரமெல்லாம் பிறர் சைகைக்குக் கட்டுப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கிரேன் மாதிரி ஓட்டினார். மெர்சிக்குத் தூக்கு. டேவிட்டுக்கு இறக்கு. பாட்டு முடியும் இடத்தில் எல்லோருக்கும் நிறுத்து. நாங்களும் பழகிவிட்டோம்.

இதில் இன்னொரு சங்கதி, அண்ணன் பீச்சாங்கைக்காரர். கவரப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் பெண் வீட்டுப் பெரியவர் மேடைக்கே வந்து கேட்டார்.

“இன்னாபா இது, நல்ல காரியத்துல பீச்சாங்கையால வாசிக்கினுகீற?”

“சோத்தாங்கையும் சும்மா இல்ல பெரியவரே. அந்தாண்ட வேலையாத்தான் கீது.”

பெரியவர் இரண்டு கையையும் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பும்போதுதான் விபரீதம். ஷேர் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிடாரின் கழுத்து, எதிரே வந்த வைக்கோல் லாரியோடு போய்விட்டது. உடம்பு மட்டும் அண்ணன் மடியில் இருந்தது. அவர் லாரியைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். லாரிக்காரனுக்கு அந்தப் பாஷை தெரியவில்லை.

மறுநாள் டேவிட் கூட்டம் போட்டான்.

“அண்ணே, தப்பா நெனச்சிக்காத. ஊரு ஒலகத்துல எல்லா ட்ரூப்புலயும் கீபோர்டு லெஃப்ட் கையிலதான் பேஸ் போவுது. ஆயுத பூஜைக்குத் தேர்வாய் கண்டிகை கம்பெனியில புரோகிராம் கீது. அதுக்குள்ள கிடார் வந்தா வா. இல்லாங்காட்டி என் லெஃப்ட் கை பாத்துக்கும். உனக்கும் ரெஸ்ட்டு.”

ரெஸ்ட் என்றால் எப்படிப்பட்ட ரெஸ்ட் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இடது கை பேஸ் தேடிச் சென்னைக்குப் போனோம். இடது கால் செருப்பு மட்டும் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முதல் கடைக்காரர் சாதாரணக் கிடாரையே திருப்பிக் கொடுத்தார்.

“கம்பிய மாத்திக் கட்டினா லெஃப்ட் ஹேண்ட் ஆயிடும் சார்.”

அண்ணன் வாரைத் தோளில் மாட்டினார். நிமிர்ந்து நின்றார். இரண்டு கையையும் விட்டார். கடைக்காரர் பதறி ஓடிவந்தார். கிடாரின் கழுத்து, தூங்கி விழுகிறவன் தலை மாதிரி கீழே போனது. திருப்பிப் பிடித்தால் வார் மாட்டுகிற கொம்பு இடம் மாறிவிடும், கனம் ஒரு பக்கம் இழுக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“மூக்கு எறங்குது,” என்றார் அண்ணன்.

“வாசிச்சுப் பாருங்க சார்.”

“வாசிக்கறது என் வேல. நிக்கறது அதோட வேல.”

இரண்டாவது கடையில் பிறவியிலேயே இடது கையான ஒரு சிவப்பு பேஸ் இருந்தது. கடைப் பையன் அதில் ஒரு தட்டுத் தட்டினான், எனக்கு அடிவயிற்றில் கேட்டது. இதுதான், இதுதான் என்று வேண்டிக்கொண்டேன். அண்ணன் மாட்டினார், கையை விட்டார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மரியாதையாகக் குனிந்தது. அண்ணன் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“இன்னாண்ணே இது, வாசிக்கசொல்ல கை புடிச்சிக்கினுதானே இருக்கும்? கைய விட்டா நிக்கணும்னு இன்னா தலையெழுத்து?”

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தூக்கு, எறக்கு, நிறுத்து, எல்லாத்துக்கும் ஒரு கை போதும் நைனா. மெதுவான்னு காட்டத்தான் ரெண்டு கை வேணும்.”

செய்தும் காட்டினார். ஒரு கையின் விரல் கீழே பார்த்துச் சுற்றியது. இன்னொரு கை அதன்மேல் அசையாமல், மூடி போட்டதுபோல் நின்றது.

“டேவிட்டுக்கு எப்பனா மெதுவா காட்டிக்கீறனா?”

“இல்லண்ணே.”

“மெர்சிக்கு?”

“இல்ல.”

“அப்பால இன்னா கேள்வி?”

குழுவில் மிச்சம் நான் ஒருவன்தான். வெளியே வந்த அத்திப்பட்டு ஸ்டேஷனைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது கிடாரை மெர்சிதான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். திருவள்ளூர் பக்கம் மணவாள நகரில் ஒரு வீடு. கோயில் கைங்கரியக் குடும்பம். மகன் வேலைக்கு வெளிநாடு போயிருந்தான். அவனும் இடது கை. அம்மா கிடாரை ஒரு வேட்டியில் சுற்றிக் குழந்தை மாதிரி கொண்டுவந்தார்.

அண்ணன் மாட்டினார், கையை விட்டார்.

“ஐயோ, விழுந்துடப் போறது,” என்றார் அந்த அம்மா.

விழவில்லை. தராசு முள் மாதிரி நின்றது. அண்ணன் கையைத் தொங்கவிட்டபடியே கூடத்தில் ஒரு நடை போய்வந்தார். ஊஞ்சலைச் சுற்றிக்கொண்டு திரும்பினார். அப்போதும் அசையவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்கோ. அவன் போனதுலேர்ந்து ஆத்துல சத்தமே இல்லை.”

அண்ணன் ஒரு பாட்டு முழுவதும் வாசித்தார். சத்தம் கூட்டும் ஆம்ப் பெட்டி இல்லாத பேஸ், பக்கத்திலிருந்த எனக்கே கொசு பறப்பது போலத்தான் இருந்தது. அந்த அம்மா காதைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார்.

“ஒண்ணும் கேக்கலையே.”

“அது அப்பிடித்தாம்மா.”

“அவன் வாசிச்சப்பவும் இப்படித்தான் இருந்தது. நான் ரிப்பேருன்னு நெனச்சுண்டிருந்தேன்.”

ஆயுத பூஜையன்று தேர்வாய் கண்டிகையில் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். எங்கள் வாத்தியங்களுக்கும் ஆளுக்கு ஒரு பொட்டு. கிடார் வந்துவிட்டது, கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். மேடையைப் பார்த்ததும் டேவிட் தலையைச் சொறிந்தான்.

“எடம் பத்தல அண்ணே. மொதல் பாட்டு நீ கீழ குந்து. என் லெஃப்ட் கையிலயே போவட்டும். நல்லா வந்திச்சின்னா அப்பால பாத்துக்கலாம்.”

அண்ணன் கிடாரை மாட்டிக்கொண்டே முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் அந்தக் கம்பெனியின் கிரேன் ஓட்டுகிறவர்கள், சரக்குக் கட்டுகிறவர்கள்.

மெல்லிய பாட்டுத்தான் முதலில். ஆனால் அவர் கீழே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேனா, நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கையும் சேர்ந்துகொண்டது. சரணத்தில் என் தாளம் ரயிலைப் பிடிக்கப் போனது. டேவிட்டின் இடது கை என்னோடு ஓடிவந்தது. அவன் வலது கை எங்கள் பின்னால் வந்தது. மெர்சி மூச்சு வாங்கவே இடமில்லாமல் கண்ணை உருட்டினாள்.

அண்ணன் எழுந்தார். இரண்டு கையையும் விட்டார். கிடார் அசையாமல் நின்றது. ஒரு விரல் கீழே பார்த்துச் சுற்றியது, இன்னொரு கை அதன்மேல் மூடியது.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “டேய், மெதுவா எறக்க சொல்றாருடா.”

முதல் வரிசை முழுக்க என் கையைப் பார்த்தது. கை தானாக அடங்கியது. பாட்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கைதட்டல் அடங்கியதும் மெர்சி மைக்கை மூடிக்கொண்டு டேவிட்டிடம் சொன்னாள்.

“அண்ணே, ஒண்ணு அவர மேல கூப்புடு. இல்ல, நான் கீழ எறங்கிப் போயிகினே இருப்பேன்.”

 டேவிட் கீபோர்டு ஸ்டாண்டை ஒரு முழம் நகர்த்தினான். அண்ணன் ஏறி வந்து வயரைச் செருகினார். அடுத்த பாட்டு தொடங்கியபோது டேவிட்டின் இடது கை அவன் மடியில் இருந்தது. அதற்குப் பிறகு அது பேஸ் பக்கம் போனதே இல்லை.

இவ்வளவு பாடுபட்டும் அன்று பேஸ் யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கம்பெனிக்காரர்கள் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கர். அதில் பேஸ் வராது. கிளம்பும்போது கவலையோடு அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்.

“உனக்குக் கேட்டிச்சா?”

“காலாண்ட ஆம்ப்பு இருந்திச்சே. கேட்டிச்சிண்ணே.”

“அப்ப சரி.”

மேடையில் அவர் நிற்பது என் இடப்பக்கம். வலது கைக்காரர் அந்த இடத்தில் நின்றால் முதுகு என் பக்கம் வரும். இடது கை என்பதால் கிடாரின் கழுத்து என் பக்கம் நீள்கிறது, அதைப் பார்த்து வாசிப்பதால் அண்ணனின் முகமும் என்னைப் பார்த்தே இருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான். கிடார்காரர் கூட்டத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறார் என்று ஒவ்வொரு ஊரிலும் விழாக் கமிட்டியார் என்னைத்தான் கூப்பிட்டுக் குறை சொல்கிறார்கள். எந்தக் கவலையையும் அவரிடம் கொட்டாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. சொன்னால் திரும்பிவிடுவார் என்று இந்தக் குறையை மட்டும் இதுவரை சொல்லவில்லை.